மோட்டார் அறைக்கு ஒரு டிஜிட்டல் இன்டர்காம்

வீட்டிற்கும் கிணற்று மோட்டார் அறைக்கும் இடையே 140 மீட்டர் நீளத்திற்கு ஒரு கேட்-5ஈ கேபிள் ஏற்கெனவே கிடந்தது. அதன் ஓர் இழையையும் பொதுத் தரைக்கம்பியையும் வைத்து ஓடிக்கொண்டிருந்த பழைய அனலாக் இன்டர்காமில், பக்கத்திலேயே செல்லும் மூன்று பேஸ் மின்கம்பியின் காரணமாக, மோட்டார் ஓடும் நேரமெல்லாம் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். இரு முனைகளிலும் 600 ஓம் டிரான்ஸ்பார்மர் போட்டு, முறுக்கிய இணைக் கம்பியில் அனுப்பியிருந்தாலே இரைச்சலின் பெரும்பகுதி போயிருக்கும் என்பது தெரிந்ததுதான்; அவசரத்திற்கு வேண்டியவர்கள் அந்த வழியிலேயே போகலாம். குரலை எண்களாக மாற்றி அனுப்பி மறுமுனையில் மீண்டும் குரலாக்கிக் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பழையது என்பதால், இந்தக் கேபிள் அதற்கு ஒரு சாக்காயிற்று. இப்போது அது ஒழுங்காக வேலை செய்கிறது. கட்டிய வரிசையிலேயே குறித்து வைக்கிறேன்.

தொலைபேசித் துறை ஏற்கெனவே வகுத்து வைத்த அளவுகளையே எடுத்துக்கொண்டேன். 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான குரல் அலை, விநாடிக்கு 8000 மாதிரிகள் (அந்தந்தக் கணத்தில் அலையின் உயரத்தை அளந்த எண்கள்), மாதிரிக்கு 8 பிட், ஆக விநாடிக்கு 64,000 பிட். 1972-இல் வந்த ஜி.711 தரம் இதுதான். மாதிரியைக் குறைந்த பிட்டுகளில் அடக்க அதில் உள்ள இரண்டு அமுக்கு முறைகளில், இந்தியாவும் ஐரோப்பாவும் பயன்படுத்தும் ஏ-லாவைத் தேர்ந்தெடுத்தேன். அமெரிக்காவும் ஜப்பானும் பயன்படுத்துவது மியூ-லா. குரலை இப்படி எண்களாக்கி அனுப்பும் பிசிஎம் முறைக்கு அலெக் ரீவ்ஸ் 1938-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். வால்வு காலத்தில் அதைக் கட்டுவது கட்டுப்படியாகாததால், 1962-இல் அமெரிக்காவில் டி1 என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்புகள் வரும்வரை அது பெரும்பாலும் காகிதத்திலேயே கிடந்தது. அன்று ஓர் அலமாரி நிறையத் தேவைப்பட்ட வேலையை இன்று 280 ரூபாய்க்கு வாங்கிய ஆர்டுயினோ நானோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று செய்கிறது என்றாலும், அதற்கு முன்னால் நிற்கும் அனலாக் பகுதியில் எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை. இந்த வேலையின் முக்கால் பங்கு நேரம் அங்கேதான் போயிற்று.

அனுப்பும் பக்கத்தில், பத்து ரூபாய் எலக்ட்ரெட் மைக்கிற்கு 2.2 கிலோஓம் வழியாக மின்சாரம் கொடுத்து, எம்சிபி 6004 என்ற ஆப்-ஆம்ப் பெருக்கிச் சிப்பின் ஒரு பிரிவில் 1 கிலோஓம், 100 கிலோஓம் மின்தடைகளை வைத்து நூறு மடங்கு பெருக்கினேன். மைக்கிற்குப் போகும் 5 வோல்ட்டை 1 கிலோஓம், 47 மைக்ரோஃபாரட் கொண்டு வடிகட்டாமல் விட்டால், யூஎஸ்பி சார்ஜரின் கீச்சொலி முழுவதும் நூறு மடங்காகிக் காதில் விழும். எம்சிபி 6004-இல் நான்கு ஆப்-ஆம்ப்கள் இருக்கின்றன. ஒன்று முன்பெருக்கி, இரண்டு வடிகட்டி, நான்காவது நடு மின்னழுத்தத்தை (அலை மேலும் கீழும் ஆடும் நடுக்கோட்டை) தாங்குவதற்கு என நான்கும் செலவாகிவிட்டன.

நானோவின் உள்ளேயே இருக்கும் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) 10 பிட் மட்டுமே தரும். ஏ-லாவின் மிக நுண்ணிய படியைப் பிடிக்க 12 பிட் வேண்டும் என்பதால், எம்சிபி 3201 என்ற தனி ஏடிசியை எஸ்பிஐ என்ற சீரியல் இணைப்பு வழியாகச் சேர்த்தேன். 5 வோல்ட்டில் அதன் கடிகார உச்சவரம்பு 1.6 மெகாஹெர்ட்ஸ், நானோவின் 16 மெகாஹெர்ட்ஸைப் பதினாறால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் பாதுகாப்பாக இருக்கும். இரண்டு பைட் படித்து, முதல் பைட்டின் மேல் மூன்று பிட்டுகளை நீக்கி, இரண்டையும் சேர்த்து, வலப்பக்கம் ஒரு பிட் நகர்த்தினால் 12 பிட் மதிப்பு கிடைத்துவிடும்.

இங்கே முதலில் தொல்லை கொடுத்தது, ஏடிசி எதை அளவுகோலாக வைத்து அளக்கிறதோ அந்த ஒப்பீட்டு மின்னழுத்தம். போர்டின் 5 வோல்ட்டையே ஏடிசிக்கு ஒப்பீடாகக் கொடுத்தபோது, மைக்கைக் கழற்றி உள்ளீட்டை நடு மின்னழுத்தத்தில் கட்டிவைத்த நிலையிலும், எண்கள் 12 எண்ணிக்கை அகலத்தில் ஆடின. எம்சிபி 1541 என்ற 4.096 வோல்ட் ஒப்பீட்டுச் சிப்பை, அதன் வெளியீட்டில் 1 மைக்ரோஃபாரட் கட்டாயம் வைத்து, மாற்றிய பிறகு ஆட்டம் 2 அல்லது 3 எண்ணிக்கையாக அடங்கியது. 120 ரூபாய் சிப் அது. இதைவிடப் பயனுள்ள செலவு இந்தத் திட்டத்தில் வேறு இல்லை. 4096 படிகளுக்கு 4.096 வோல்ட் என்பதால் ஒரு படி சரியாக 1 மில்லிவோல்ட் ஆகிறது. மல்டிமீட்டரில் பார்ப்பதும் திரையில் வரும் எண்ணும் நேருக்கு நேர் பொருந்துவதால், பிழை தேடும் வேலை பாதியாகக் குறைகிறது.

அடுத்தது வடிகட்டி. 8000 மாதிரிகள் எடுக்கும்போது 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள எந்த ஒலியும் ஏடிசிக்குள் போகக் கூடாது. முதலில் 4.7 கிலோஓம், 10 நானோஃபாரட் என்று ஒரே ஒரு ஆர்சி (மின்தடை-கெபாசிட்டர்) வடிகட்டி வைத்தேன்; எதற்கு மேல் ஒலி குறைகிறதோ அந்த வெட்டு அதிர்வெண் 3.4 கிலோஹெர்ட்ஸ். கேட்டபோது உயிரெழுத்துகள் தெளிவாகவும், 'ஸ்விட்ச்', 'சீக்கிரம்' போன்ற சொற்கள் வரும் இடமெல்லாம் ஒரு தடித்த சீழ்க்கையோடும் ஒலித்தன. மோட்டார் அறையில் நின்றிருந்த தம்பி, "அண்ணே, நீங்க பேசறப்ப கூடவே யாரோ விசில் அடிக்கிறாங்க" என்றான்.

காரணத்தை உறுதிசெய்ய, மைக்கை விலக்கிவிட்டு, கைபேசியின் ஒலி உருவாக்கியிலிருந்து 7 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை ஒரு கெபாசிட்டர் வழியாக நேராக வடிகட்டிக்குக் கொடுத்தேன். மறுமுனையில் தெளிவான 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி வந்தது. 5 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தால் 3 கிலோஹெர்ட்ஸ் வந்தது. 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து கழித்தால் எது மிஞ்சுமோ அதுவே காதில் விழுகிறது. ஒற்றை ஆர்சி 7 கிலோஹெர்ட்ஸில் வெறும் 7 டெசிபெல் மட்டுமே குறைக்கும்; 'ஸ' ஒலியின் வலுவோ பெரும்பாலும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. இப்படி மடங்கிக் குரல் எல்லைக்குள் நுழைந்துவிட்ட ஒலியைப் பின்னர் எந்த நிரலாலும் பிரித்தெடுக்க முடியாது. அது பேச்சோடு பேச்சாகக் கலந்துவிடுகிறது.

எனவே இன்னும் செங்குத்தாக வெட்டும் நான்காம் படிநிலை பட்டர்வொர்த் வடிகட்டியை, ஒரு மடங்கு பெருக்கமுள்ள இரண்டு சாலன்-கீ (ஆப்-ஆம்ப் வடிகட்டி) சுற்றுகளாகக் கட்டினேன். முதல் சுற்றில் 11 கிலோஓம் இரண்டு, 4.7 மற்றும் 3.9 நானோஃபாரட், இரண்டாவதில் 12 கிலோஓம் இரண்டு, 10 மற்றும் 1.5 நானோஃபாரட். கூர்மை குறைந்த சுற்று முதலில் வர வேண்டும். மாற்றி வைத்தால் உரத்த குரல் உள்ளேயே வெட்டுப்படும். கெபாசிட்டர்களில்தான் கவனம் வேண்டும். பெட்டியில் கிடந்த '103' செராமிக் வட்டுகளை எல்சிஆர் மீட்டரில் வைத்துப் பார்த்தால், 10 நானோஃபாரட் என்று அச்சிட்டிருந்தவை 7.8 முதல் 9.1 வரை காட்டின. பாலியெஸ்டர் பிலிம் கெபாசிட்டர்களை வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து, சொன்ன அளவிலிருந்து நூற்றுக்கு இரண்டுக்குள் இருப்பவற்றை மட்டும் எடுத்துப் பொருத்தினேன்.

இதன்பின் 7 கிலோஹெர்ட்ஸில் 25 டெசிபெல் குறைப்பு கிடைத்தது. ஆனால் 5 கிலோஹெர்ட்ஸில் கிடைத்தது 13 அல்லது 14 டெசிபெல் மட்டுமே. சீழ்க்கை மெலிந்ததே தவிர ஒழியவில்லை. எட்டாம் படிநிலைக்குப் போவதென்றால் கெபாசிட்டர் பொறுக்கும் வேலை இரட்டிப்பாகும். அதற்குப் பதிலாக, விநாடிக்கு 16,000 மாதிரிகள் எடுத்து, நானோவுக்குள்ளேயே டிஜிட்டல் வடிகட்டி ஒன்றை ஓட்டி, பிறகு இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் வழிக்கு மாறினேன். அப்போது அனலாக் வடிகட்டி காக்க வேண்டிய எல்லை 4.6 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12.6 கிலோஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடுகிறது. அங்கே இதே சுற்று 45 டெசிபெல் குறைக்கிறது. இடைப்பட்ட பகுதியை 31 கெழுக்கள் (மாதிரிகளைப் பெருக்கும் எண்கள்) கொண்ட, பட்டையின் மேல் பாதியை வெட்டும் அரைப்பட்டை டிஜிட்டல் வடிகட்டி பார்த்துக்கொள்கிறது. அரைப்பட்டை வடிகட்டியில் ஒன்றுவிட்டு ஒன்று கெழு பூஜ்ஜியமாக இருப்பதாலும், மீதமுள்ளவை இருபுறமும் சமச்சீராக இருப்பதாலும், 31-க்கு உண்மையில் எட்டுப் பெருக்கல்களே தேவைப்படுகின்றன. நானோவில் இது ஓடுவதற்கு அந்த எட்டுதான் காரணம்.

நேரக் கணக்கு இறுக்கமானது. 16,000 மாதிரிகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 62.5 மைக்ரோவிநாடி, அதாவது 1000 கடிகாரத் துடிப்புகள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஓடும் குறுக்கீட்டு (இன்டரப்ட்) நிரல் தொடங்கும்போது நானோவின் ஒரு வெளியீட்டுப் பின்னின் மின்னழுத்தத்தை உயர்த்தி முடியும்போது தாழ்த்தி, டிஎஸ்ஓ 138 கிட் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தேன்: வெறும் மாதிரி மட்டும் எடுக்கும் முறையில் 21 மைக்ரோவிநாடி, வடிகட்டியும் சேர்ந்து ஓடும் முறையில் 51 மைக்ரோவிநாடி. பதினொரு மைக்ரோவிநாடி மிச்சம். ஆர்டுயினோவின் நேரக்கணக்கிற்காக 1.024 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வரும் டைமர்-0 குறுக்கீட்டை நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் அது அவ்வப்போது மாதிரி எடுக்கும் கணத்தைச் சில மைக்ரோவிநாடி தள்ளிவிடும், தூய 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியும் சொரசொரவென்று கேட்கும். மாற்றியபின் 7 கிலோஹெர்ட்ஸ் சோதனையைத் திரும்பச் செய்தபோது, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளின் நிறமாலைப் படத்தில் 1 கிலோஹெர்ட்ஸ் இடத்தில் அறையின் பின்னணி ஓசைக்கு மேலே எதுவும் தெரியவில்லை.

பிறகு 12 பிட்டை 8 பிட்டாக்கும் கட்டம். தொடக்கச் சோதனைகளில் மேல் எட்டு பிட்டுகளை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு படி 16 மில்லிவோல்ட். மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று தாழ்ந்த குரலில் பேசினால் உச்சியிலிருந்து பள்ளம் வரை 50 மில்லிவோல்ட்தான் வருகிறது. அதாவது அந்தப் பேச்சு முழுவதும் மூன்று படிகளுக்குள் அடங்கிவிடுகிறது. கேட்பதற்கு மணலை அரைத்தது போலிருந்தது. ஏ-லாவில் நடுக்கோட்டிலிருந்து 32 மில்லிவோல்ட் வரை ஒரு படி 1 மில்லிவோல்ட். அதற்கு மேல் படி 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், 1024 முதல் 2048 மில்லிவோல்ட் வரையிலான உச்சப் பகுதியில் ஒரு படி 64 மில்லிவோல்ட் ஆகிறது. உரத்த குரலில் 64 மில்லிவோல்ட் படியால் வரும் பிழையைக் காது பொருட்படுத்துவதில்லை. 12 பிட் ஏடிசியின் கடைசிப் படியும் ஏ-லாவின் மிகச் சிறிய படியும் அச்சொட்டாக ஒன்றாகவே இருப்பதால், 14 பிட் ஏடிசி வாங்கியிருந்தாலும் கூடுதலாக எதுவும் கிடைத்திருக்காது.

மாற்றும் கணக்கை ஒவ்வொரு முறையும் செய்யாமல், 4096 பைட் அட்டவணையாகத் தயாரித்து நானோவின் 32 கிலோபைட் பிளாஷ் நினைவகத்தில் வைத்துவிட்டேன். ஆனால் ஏ-லாவிற்கு நடுக்கோடு உண்மையிலேயே நடுவில் இருக்க வேண்டும். முன்பெருக்கியின் சாய்வால் என் நடுக்கோடு 2048-க்குப் பதில் 2110-இல் நின்றது. 62 மில்லிவோல்ட் விலகிவிட்டதால், அமைதியான பேச்சுக்கு நுண்ணிய படிகள் கிடைக்காமல் கரகரப்பு திரும்பி வந்தது. வரும் மதிப்புகளின் மெதுவான சராசரியைக் கணித்துக் கழிக்கும் இரண்டு வரி நிரலில் அது தீர்ந்தது. தீர்ந்ததை, கம்பியில் ஓடும் பிட்டுகளைக் காட்டும் லாஜிக் அனலைசரிலேயே பார்க்கலாம். ஏ-லாவில் ஒன்றுவிட்டு ஒரு பிட்டைத் தலைகீழாக்கி அனுப்புவது விதி. அதனால் அறை அமைதியாக இருக்கும்போது கம்பியில் ஓடுவது பூஜ்ஜியங்களின் வரிசை அல்ல, 11010101, 01010101 என்ற இரு பைட்டுகள் மாறிமாறி. நீண்ட நேரம் ஒரே மட்டத்தில் நிற்காமல் கம்பி அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தால் மறுமுனையில் கடிகாரத்தைப் பிடிப்பது எளிது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. முன்பு திரையில் வேறு ஏதேதோ பைட்டுகள் ஓடிய இடத்தில் இந்த இரண்டு மட்டும் ஓடத் தொடங்கியதும் நடுக்கோடு சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

கம்பியில் அனுப்புவதற்கு நானோவின் சீரியல் போர்ட்டும், அதன் பிட்டுகளை முறுக்கிய இணைக் கம்பியில் ஏற்றும் மேக்ஸ் 485 மாட்யூலும் போதும். வேகம் மட்டும் யோசித்து வைக்க வேண்டும். பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளுடன் பத்து பிட், ஆக 8000 பைட்டுக்கு விநாடிக்கு 80,000 பிட் குறைந்தபட்சம். வழக்கமான 1,15,200-ஐ 16 மெகாஹெர்ட்ஸிலிருந்து துல்லியமாக உருவாக்க முடியாது, இரண்டு சதவீதம் தவறும். 2,50,000 துல்லியமாக வருகிறது. ஒரு பைட் 40 மைக்ரோவிநாடியில் போய்விடும், மீதி 85 மைக்ரோவிநாடி கம்பி ஓய்வாக இருக்கும். இரு முனைகளிலும் 120 ஓம் முடிவுத்தடை வேண்டும். நான் வாங்கிய மாட்யூல்களில் அது ஏற்கெனவே இருந்தது, மல்டிமீட்டரில் சரிபார்த்துக்கொண்டேன். இரு முனைகளுக்கும் தனித்தனி அடாப்டர் என்பதால், கேபிளின் மற்றொரு இழையை 100 ஓம் வழியாகத் தரையிணைப்பாகக் கொடுத்தேன்.

மோட்டார் ஓடும்போது இரைச்சல் சுத்தமாக இல்லை. ஸ்டார்ட்டர் விழும் கணத்தில் மட்டும் 'படார்' என்று ஒரு வெடிப்பு வந்தது. மின்துடிப்பால் ஒரு பைட் கெட்டு, அதன் முதல் பிட்டான குறி மாறிவிட்டால், ஒலி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவிவிடும். முடிவு பிட் சரியில்லை என்று சீரியல் போர்ட் கொடியுயர்த்தும் பைட்டை ஒதுக்கிவிட்டு, அதற்கு முந்தைய மதிப்பையே மீண்டும் ஒலிக்கச் செய்ததில் வெடிப்பு சிறு 'டிக்'காகக் குறைந்தது. எல்லாக் கெட்ட பைட்டும் இந்தக் கொடியில் சிக்காது. அன்றாடப் புழக்கத்திற்கு இது போதும்.

பெறும் பக்கத்தில் எம்சிபி 4921 என்ற 12 பிட் டிஏசி (எண்ணை மீண்டும் மின்னழுத்தமாக்கும் சிப்), இன்னொரு எம்சிபி 1541, எம்சிபி 6002-இல் அதே வடிகட்டி, பிஏஎம் 8403 பெருக்கி, சிறிய ஸ்பீக்கர். வரும் பைட்டுகளை 32 இடம் கொண்ட வளைய நினைவில் சேர்த்து, பெறும் நானோ தன் சொந்த டைமரில் விநாடிக்கு 8000 முறை எடுத்து ஒலிக்கும்படி முதலில் எழுதினேன். ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒருமுறை 'டக்' என்று விழுந்துகொண்டே இருந்தது. இந்த நானோக்களில் கடிகாரமாக இருப்பது துல்லியம் குறைந்த செராமிக் ரெசனேட்டர்; அனுப்பும் பக்கம் 8000 மாதிரி அனுப்பும் நேரத்தில் பெறும் பக்கம் 7991 மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தது. விநாடிக்கு ஒன்பது மிஞ்சினால், பாதி நிரம்பிய வளைய நினைவு இரண்டு விநாடியில் வழிந்துவிடும். தொலைபேசி நிலையங்களில் ஸ்லிப் என்று சொல்லும் கோளாறு இதுதான். சீசியம் கடிகாரங்களால் ஓடும் இரண்டு வலைப்பின்னல்களுக்கு இடையேகூட எழுபது நாளுக்கு ஒன்று விழலாம் என்று கணக்கிட்டே தரம் வகுத்திருக்கிறார்கள். இரண்டு விநாடிக்கு ஒன்று வாங்கிய எனக்கு அதைப் படித்தபோது பொறாமையாகவே இருந்தது.

வளைய நினைவைப் பெரிதாக்கினால் 'டக்' தள்ளிப்போகுமே தவிர நிற்காது. ஆகவே பெறும் பக்கத்தின் டைமரையே எடுத்துவிட்டு, பைட் வந்து சேர்ந்ததும் அட்டவணையில் மதிப்பைப் பார்த்து உடனே டிஏசிக்கு எழுதும்படி மாற்றினேன். அனுப்பும் பக்கத்தின் கடிகாரமே இரு பக்கத்திற்கும் கடிகாரம். பைட்டின் தொடக்கத்தைச் சீரியல் போர்ட் கண்டுபிடிப்பதில் அரை மைக்ரோவிநாடி வரை தடுமாற்றம் உண்டு. காதுக்கு அது எட்டவில்லை.

கடைசியாக நின்ற குறை, குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மந்தமாக இருந்ததுதான். அனுப்பும் வடிகட்டி 3.4 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெல், பெறும் வடிகட்டி 3 டெசிபெல் குறைக்கின்றன; டிஏசி ஒவ்வொரு மதிப்பையும் 125 மைக்ரோவிநாடி அப்படியே பிடித்து வைப்பதால் இன்னும் 2.7 டெசிபெல் போகிறது. மொத்தம் ஒன்பதுக்கு அருகில். பெறும் வடிகட்டியில் 11 கிலோஓமை 7.5 ஆகவும், 12 கிலோஓமை 8.2 ஆகவும் மாற்றி, வெட்டு அதிர்வெண்ணை 5 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன். மூன்று டெசிபெல் திரும்பக் கிடைத்தது. பதிலுக்கு மெல்லிய உலோக ஓசை ஒன்று ஒட்டிக்கொண்டது. மோட்டார் அறைக்கு அது குறையே இல்லை.

செலவு ஒரு திசைக்கு: நானோ இரண்டு 560, எம்சிபி 3201 260, எம்சிபி 4921 240, எம்சிபி 1541 இரண்டு 240, ஆப்-ஆம்ப்கள் 95, மேக்ஸ் 485 மாட்யூல் இரண்டு 90, ஒலிபெருக்கிப் போர்டு 60, மற்ற சில்லறைப் பொருள்களும் பெட்டியும் 400, ஆக 1,945 ரூபாய். பதில் பேச அதே போல் இன்னொரு ஜோடி வேண்டும், கேபிளில் இன்னோர் இணையும் வேண்டும். அனுப்பும் நானோவில் பதினொரு மைக்ரோவிநாடி மட்டுமே மிச்சமிருப்பதால், பெறும் வேலையையும் அதன் தலையில் ஏற்ற முடியவில்லை.

மறுமுறை கட்டினால் முனைக்கு ஒன்றாக 72 மெகாஹெர்ட்ஸ் எஸ்டிஎம் 32 போர்டு வைத்து, 32 கிலோஹெர்ட்ஸில் மாதிரி எடுத்து, அனலாக் வடிகட்டியை இரண்டாம் படிநிலையோடு நிறுத்திக்கொள்வேன். கெபாசிட்டர் பொறுக்கும் வேலை பெருமளவு குறையும். பெறும் பக்கத்திலும் இடைமதிப்புகளைக் கணக்கிட்டு 16 கிலோஹெர்ட்ஸில் டிஏசிக்கு எழுதினால் மந்தமும் உலோக ஓசையும் சேர்ந்தே போய்விடும். டிபி 3057 போன்ற பழைய ஏ-லா கோடெக் சிப்பில் வடிகட்டி, ஏடிசி, டிஏசி எல்லாம் உள்ளேயே இருக்கின்றன என்றாலும், அதற்கு நேர் 5 வோல்ட்டோடு எதிர் 5 வோல்ட்டும் தனியாகக் கொடுக்க வேண்டியிருப்பதால் அந்தப் பக்கம் போக எண்ணமில்லை. எம்சிபி 1541-ஐ மட்டும் எந்த வடிவத்திலும் விடப்போவதில்லை. அடுத்த ஜோடிக்காக இரண்டு கூடுதலாகவே வாங்கி வைத்திருக்கிறேன்.